ஹாஃப் டெர்ம் வாரம்: நான் போட்ட ஸ்பிரெட்ஷீட்டும் அப்பா சொன்ன கடைசி ஸ்டாப்பும்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

வழக்கமா நம்ம பாட்காஸ்ட்ல வேலை, விசா, வாடகை வீடு, இன்டர்வியூ இப்படித்தான் பேசுவோம். இந்த வாரம் கொஞ்சம் வேற. லண்டன்ல குழந்தைகளோட இருக்கிற நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "அக்டோபர் ஹாஃப் டெர்ம் வருது, ஒரு வாரம் பசங்களை எங்க கூட்டிட்டுப் போறது, எப்படி சமாளிக்கிறது?"

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கல்யாணம் ஆகல, குழந்தை இல்ல. ஆனா போன அக்டோபர்ல அஞ்சு நாள் முழுசா எங்க அக்கா பசங்க ரெண்டு பேரையும், ஊர்ல இருந்து வந்திருந்த அப்பாவையும் நான்தான் கூட்டிட்டு சுத்தினேன். அந்த அனுபவத்துல இருந்துதான் பேசப்போறேன். அந்த வாரத்துல ஒரு ஆளைத் தொலைச்சும் இருக்கேன். குழந்தையை இல்ல. அப்பாவை. அந்தக் கதைக்கும் வர்றேன்.

இந்தியாவுல இருந்து கேக்கறவங்களுக்காக: இங்க பள்ளிக்கூட வருஷத்துல மூணு டெர்ம். ஒவ்வொரு டெர்முக்கும் நடுவுல ஒரு வாரம் லீவு, அதுதான் ஹாஃப் டெர்ம். இலையுதிர் காலத்துல வர்றது பெரும்பாலும் அக்டோபர் கடைசி வாரம். நம்ம ஊர் காலாண்டு லீவு மாதிரின்னு வச்சுக்கலாம், பரீட்சை மட்டும் இல்ல.

கேக்க நல்லா இருக்கும். வேலைக்குப் போற பெற்றோருக்கு அது ஒரு தலைவலி. பசங்களுக்கு லீவு, ஆபீசுக்கு லீவு இல்ல. டெர்ம் நடக்கும்போது பசங்களைக் கூட்டிட்டு ஊருக்குப் போனா அபராதம் வரலாம். இங்கிலாந்துல 2024 ஆகஸ்ட்ல இருந்து ஒரு குழந்தைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு. 21 நாளுக்குள்ள கட்டலைன்னா 160. அதனால எல்லாரும் இந்த லீவுலயே கிளம்பறாங்க, ஃப்ளைட் டிக்கெட் விலை ஏறுது. மிச்சம் பேர் ஊருக்குள்ளயே சுத்தறோம்.

எங்க வீட்டு நிலைமை

அக்கா நர்ஸ். அந்த வாரம் லீவு கேட்டு, கிடைக்கல. ஒரே வாரத்துல எல்லா அம்மாக்களும்தானே கேப்பாங்க? அத்தான் வேலை பாக்கற இடத்துல அது சீசன் நேரம். ஹாலிடே கிளப்ல ரெண்டு பசங்களையும் அஞ்சு நாள் விடற காசைக் கணக்குப் பார்த்துட்டு அக்கா எனக்கு ஃபோன் பண்ணா. "உனக்கு லீவு மிச்சம் இருக்குல்ல?" அவ்வளவுதான் கேட்டா. மீதி எனக்குப் புரிஞ்சிருச்சு.

பெரியவனுக்கு 10 வயசு. சின்னவளுக்கு 6. ரெண்டு பேருக்கும் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷ்ல வரும். அப்பா முதல் தடவையா லண்டன் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. வயசு 63. திருநெல்வேலிப் பக்கம் அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. திருச்செந்தூர் ரூட்ல ரொம்ப வருஷம். முட்டி வலி உண்டு. அம்மா வரல. ஆச்சி படுக்கையில இருக்காங்க, யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணும்.

அக்காவுக்கு மனசுல ஒரு குறை. "அப்பா வந்து ஒரு வாரம் ஆச்சு, பசங்க அவங்ககூட பத்து வார்த்தை பேசியிருப்பாங்களான்னு தெரியல. அவங்க டிவி பாக்கறாங்க, இதுங்க ஐபேட் பாக்குதுங்க. மூணு மாசம் இப்படியே போயிருமோன்னு பயமா இருக்குடா." அதனால இந்த வாரம் ஊர் சுத்தறது மட்டும் என் வேலை இல்ல. அது தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டேன்.

திங்கள்: நூறு சதவீதம்

நான் என்ஜினியர். ஒரு ஸ்பிரெட்ஷீட் போட்டேன். காலை 9:10க்கு ஈஸ்ட் ஹாம்ல டிரெயின். 10:00க்கு சவுத் கென்சிங்டன். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் ரெண்டு மணி நேரம், சயின்ஸ் மியூசியம் ரெண்டு மணி நேரம், வி அண்ட் ஏ ஒரு மணி நேரம். மூணும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, மூணுக்கும் நுழைவு இலவசம். இலவசம்னா எல்லாத்தையும் பாத்துடணும்னு ஒரு வெறி வருமே, அது.

நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு நேரம் புக் பண்ணியிருந்தேன். அது நல்லதாப் போச்சு, ஏன்னா வெளிய இருந்த வரிசையைப் பார்த்தா திருச்செந்தூர் சஷ்டிக் கூட்டம். உள்ள போனதும் ஹாலோட கூரையில இருந்து நீலத் திமிங்கலத்தோட எலும்புக்கூடு தொங்குது. 25 மீட்டர் நீளம். 1891ல அயர்லாந்துக் கரையில ஒதுங்கின திமிங்கலம். 2017ல இருந்து அந்த ஹால்ல அதுதான் வரவேற்கிறது. பேரு ஹோப், நம்பிக்கை.

சின்னவ அண்ணாந்து பாத்துட்டே நின்னா. அப்பாவும் நின்னாங்க. "ரெண்டு பஸ் நீளம் இருக்கும் போல"ன்னு அப்பா சொன்னாங்க. நான் வாட்ச்சைப் பார்த்து, "வாங்க வாங்க, டைனோசருக்கு லேட்டாகுது"ன்னு இழுத்துட்டுப் போனேன்.

பகல் ஒரு மணிக்கு சின்னவ தரையில உக்காந்துட்டா. பெரியவனுக்குப் பசி. அப்பா எதுவும் சொல்லல, ஆனா ஒரு தூணைப் பிடிச்சுட்டு நின்னாங்க. சயின்ஸ் மியூசியத்துல 40 நிமிஷம் இருந்தோம், அதுல 25 நிமிஷம் டாய்லெட் தேடறதுலயும் வரிசையிலயும் போச்சு. வி அண்ட் ஏ பக்கமே போகல. திரும்பி வரும்போது டிஸ்ட்ரிக்ட் லைன்ல நாலு பேரும் ஒருத்தர்கூட ஒருத்தர் பேசல.

இதுல எனக்கு ரொம்ப வெக்கம் என்னன்னா, இதுதான் என் தொழில். சர்வர் லோடு பாக்கறவங்களுக்குத் தெரியும். ஒரு சிஸ்டத்தை 60, 70 சதவீதம் பயன்படுத்தும்போது வரிசை சின்னதா இருக்கும். 90 தாண்டினதும் காத்திருக்கிற நேரம் மளமளன்னு ஏறும். நூறைத் தொட்டா வரிசை முடியவே முடியாது. ஏன்னா, சின்னத் தாமதத்தை உள்வாங்கிக்க எங்கயும் இடம் இல்ல. ஆபீஸ்ல மேனேஜர் என் நேரத்தை நூறு சதவீதம் நிரப்பினா நானே இந்தக் கணக்கைச் சொல்லிச் சண்டை போடுவேன். வீட்டு மனுஷங்களுக்கு அதையே நான் பண்ணியிருக்கேன்.

செவ்வாய்: பஸ்

அன்னைக்கு ராத்திரி ஸ்பிரெட்ஷீட்டை மூடிட்டு அப்பாகிட்ட கேட்டேன், "உங்களுக்கு என்ன பாக்கணும்?" அவங்க யோசிக்கவே இல்ல. "பஸ்ல போவோமே. தரைக்கு அடியில போனா ஊரு எங்க தெரியுது?"

ஈஸ்ட் ஹாம்ல 115 ஏறி, வழியில 15க்கு மாறினோம். டபுள் டெக்கர் மாடியில முன் சீட். இந்த 15 இருக்கே, டவர் ஆஃப் லண்டன், செயின்ட் பால்ஸ், ஃப்ளீட் ஸ்ட்ரீட், ஸ்ட்ராண்ட்னு போகும். டூரிஸ்ட் பஸ்ஸுக்குக் கொடுக்கற காசை மிச்சம் பண்ணிக்கலாம். நாங்க போனப்ப பெரியவங்களுக்கு 1.75 பவுண்டு, முதல் தட்டுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே காசு. 11 வயசுக்கு உள்ள இருக்கிற குழந்தைங்களுக்கு பஸ்ல இலவசம்.

அப்பாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "நம்மூர்ல பொம்பளையாளுக்கு டவுன் பஸ் ஃப்ரீ, இங்க பிள்ளையளுக்கா? சரிதான்." அப்புறம் சுத்திமுத்திப் பார்த்துட்டு, "கண்டக்டர் எங்கடே?"ன்னாங்க. கண்டக்டர் இல்லப்பா, கார்டைத் தட்டணும், 2014ல இருந்து காசே வாங்கறதில்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அப்ப சில்லறைச் சண்டையே கிடையாது"ன்னாங்க. அதுல சந்தோஷமா வருத்தமான்னு எனக்குத் தெரியல.

காவென்ட் கார்டன்ல லண்டன் டிரான்ஸ்போர்ட் மியூசியம். இது பெரியவங்களுக்கு டிக்கெட் உண்டு, ஆனா வாங்கினா ஒரு வருஷம் செல்லும். குழந்தைங்களுக்கு இலவசம். அன்னைக்கு முழுக்க அந்த ஒரே ஒரு இடம்தான். பின்பக்கம் கதவில்லாத பழைய சிவப்பு பஸ் தெரியுமில்ல, அதுல கண்டக்டர் பின்னாடி நின்னுட்டு மணி அடிப்பார். அந்த மாதிரி பஸ்கள் 2005 டிசம்பர்ல வழக்கமான ரூட்ல இருந்து போயிருச்சு. அதைப் பத்தி ஒரு பலகையைப் பெரியவன் படிச்சுட்டு, அப்பாகிட்ட அரைத் தமிழ்ல கேட்டான்: "தாத்தா, ஒன் பெல்னா ஸ்டாப், டூ பெல்னா கோ. யூ ஆல்சோ?"

அப்பா முகம் மாறிப்போச்சு. "ஏல, நமக்கும் அதேதான்! ஒரு விசில்னா நில்லு. ரெண்டு விசில்னா போ." வாயாலயே ரெண்டு விசில் அடிச்சுக் காட்டினாங்க. மியூசியத்துல பாதிப் பேர் திரும்பிப் பார்த்தாங்க. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. பசங்களுக்கு அப்படி இல்ல. அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் ரோடு கிராஸ் பண்றதுல இருந்து எஸ்கலேட்டர் வரைக்கும் எல்லாமே விசில்தான்.

திரும்பி வரும்போது பஸ் மாடியில உக்காந்து அப்பா பழைய கதையெல்லாம் சொன்னாங்க, நான் நடுநடுவுல இங்கிலீஷ்ல சொல்லிக் கொடுத்தேன். குடை, டிபன் கேரியர், ஒரு தடவை ஒரு கோழி, இன்னொரு தடவை தூங்கிப்போன ஒரு பையன்னு பஸ்ல விட்டுட்டுப் போன சாமான்களோட கதை. "ஆளு பஸ்ஸை விட்டாலும், பஸ்ஸு ஆளை விட்டாலும், கடைசி ஸ்டாப்புக்கு வந்துட்டா கவலையில்ல. வண்டி எங்க சுத்தினாலும் அங்கன வந்துதான் தீரும். தொலைஞ்சது எல்லாம் அங்கனதான் கிடைக்கும்." இதைச் சொன்னாங்க. நான் மொழிபெயர்த்தேன். அப்புறம் மறந்துட்டேன்.

புதன்: கேனரி வார்ஃப்

புதன்கிழமை திட்டம் இது. டிஎல்ஆர்ல ஏறி, லண்டன் மியூசியம் டாக்லேண்ட்ஸ். அப்புறம் ஐலண்ட் கார்டன்ஸ்ல இறங்கி, தேம்ஸுக்கு அடியில நடந்து கிரீனிச்.

டிஎல்ஆர் ஓட்டுநர் இல்லாத ரயில். முன்னாடி ஓட்டுநர் கேபின் இருக்க வேண்டிய இடத்துல பயணிகள் உக்காரலாம். குழந்தைங்க நாமதான் ஓட்டறோம்னு நினைச்சுக்கலாம். லண்டன்ல குழந்தைங்களுக்கு இதைவிட மலிவான ரைடு கிடையாது. 11 வயசுக்குள்ள இருந்தா, டிக்கெட் எடுத்த பெரியவங்ககூட டியூப்லயும் டிஎல்ஆர்லயும் இலவசம், ஒருத்தர் நாலு குழந்தை வரைக்கும் கூட்டிட்டுப் போகலாம். முன் சீட் வேணும்னா பேங்க் ஸ்டேஷன்ல ஏறுங்க, வண்டி அங்கதான் கிளம்புது. நாங்களும் அப்படித்தான் ஏறினோம்.

மியூசியம் நல்லா இருந்துச்சு. கப்பல்ல வந்த சர்க்கரையை அடுக்கி வச்சிருந்த பழைய கிடங்கு அது. முடிச்சுட்டு கேனரி வார்ஃப் டிஎல்ஆர் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிளாட்ஃபார்ம்ல கூட்டம். வண்டி வந்ததும் பசங்க ரெண்டு பேரும் முன் சீட்டைப் பிடிக்க முன் கதவுக்கு ஓடினாங்க. நான் அவங்க பின்னாடி ஓடினேன். மூணு பேரும் உள்ள. திரும்பிப் பாக்கறேன், கதவு மூடுது. அப்பா பிளாட்ஃபார்ம்ல, முட்டியைப் பிடிச்சுட்டு மெதுவா வந்துட்டிருக்காங்க. கண்ணாடி வழியா நான் கை காட்டினேன், 'அங்கயே நில்லுங்க'ன்னு. இப்ப யோசிச்சா, அந்தக் கை 'வாங்க'ன்னு சொன்ன மாதிரிகூடத் தெரிஞ்சிருக்கும்.

இது ஸ்டேஷனோட தப்பு இல்ல, ரயிலோட தப்பு இல்ல. முழுக்க என் தப்பு. ஏன்னு சொல்றேன்.

திங்கக்கிழமை காலையிலயே ஈஸ்ட் ஹாம்ல பசங்களை நிறுத்தி விதி சொல்லிக் கொடுத்திருந்தேன். நீ பிளாட்ஃபார்ம்ல விட்டுப்போனா, நகராம அங்கயே நில்லு, நான் திரும்பி வருவேன். நீ வண்டிக்குள்ள இருந்து நான் வெளிய நின்னுட்டா, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நில்லு. ரெண்டு பேரையும் திருப்பிச் சொல்ல வச்சேன். அக்கா நம்பரை ஒரு சீட்டுல எழுதி ரெண்டு பேர் பாக்கெட்லயும் வச்சேன். எல்லாம் இங்கிலீஷ்ல. அப்பா பக்கத்துலதான் நின்னாங்க. அவங்களுக்கு நான் எதுவும் சொல்லல. அவங்க ஃபோனுக்கு சிம்மும் வாங்கித் தரல. வீட்டுல வைஃபை இருக்கே, வெளிய என்கூடத்தானே வரப்போறாங்கன்னு நினைச்சேன்.

அடுத்த ஸ்டேஷன் ஹெரான் கீஸ், ரொம்பக் கிட்ட. இறங்கி, எதிர் வண்டியைப் பிடிச்சு கேனரி வார்ஃப் திரும்பினோம். அப்பா இல்ல. அதுக்குள்ள அடுத்த வண்டி வந்து போயிருந்துச்சு.

என் வயித்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தெரியல. கேனரி வார்ஃப்னா ஒரு ஸ்டேஷன் இல்ல, டிஎல்ஆர், ஜூபிலி, எலிசபெத் லைன்னு தனித்தனியா மூணு. சுத்திலும் மாடிக்கட்டடம், எல்லாம் ஒரே மாதிரி கண்ணாடி. மணி ரெண்டே முக்கால். முந்தின ஞாயித்துக்கிழமைதான் கடிகாரத்தைத் திருப்பி வச்சிருந்தாங்க. அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிரும். சின்னவ அழ ஆரம்பிச்சா. ஸ்டேஷன் ஊழியர் ஒருத்தரைப் பிடிச்சு அடையாளம் சொன்னேன். வயசு 63, சாம்பல் கலர் ஸ்வெட்டர், மங்கி கேப், கையில மஞ்சப்பை. மஞ்சப்பைக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றதுன்னு ஒரு நொடி வரல. அவர் பொறுமையா கேட்டு, வயர்லெஸ்ல சொன்னார்.

நான் ஜூபிலி லைன் பக்கம் ஓடலாமான்னு பாக்கறேன். பெரியவன் என் கையைப் பிடிச்சு இழுத்தான். "மாமா, லாஸ்ட் ஸ்டாப். தாத்தா செட். தொலைஞ்சது எல்லாம் அங்கதான் கிடைக்கும்." அந்தக் கடைசி வாக்கியத்தைத் தமிழ்லயே சொன்னான்.

ஊழியர்கிட்ட சொன்னேன். அவர் லூயிஷமுக்குக் கேட்டார். நாங்க அடுத்த வண்டியிலயே ஏறிட்டோம். அன்னைக்கு முன் சீட் காலியா இருந்துச்சு, யாரும் உக்காரல. ஒவ்வொரு பிளாட்ஃபார்மையும் ஜன்னல் வழியா பாத்துட்டே வந்தோம். இருபது நிமிஷம் இருக்குமா? எனக்கு அது திருநெல்வேலி - சென்னை தூரம்.

லூயிஷம் பிளாட்ஃபார்ம்ல, பெஞ்சுல அப்பா உக்காந்திருந்தாங்க. மஞ்சப்பை மடியில. பக்கத்துல ஒரு ஊழியர் நின்னுட்டிருந்தார். பசங்க ஓடிப்போய் அவங்க மேல விழுந்தாங்க. அப்பா என்னைப் பார்த்து ரொம்ப சாதாரணமா, "வந்துட்டியளா? நீங்க ஏறின வண்டியில லூயிஷம்னு போர்டு போட்டிருந்துச்சு. இதுதானே கடைசி?"ன்னு கேட்டாங்க.

சாதாரணமா பேசினாங்களே தவிர, வெளிய வந்து டீ வாங்கிக் கொடுத்தப்ப கப்பு அவங்க கையில நடுங்கிட்டே இருந்துச்சு. பசங்க கொஞ்சம் தள்ளிப் போனதும், குரலை உசத்தாம கேட்டாங்க: "பிள்ளையளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்க. எனக்கு ஏன்டே சொல்லல?"

நான் என்ன பதில் சொல்றது? நாலு பேர் போறதுல, மூணு பேருக்குத் திட்டம் தெரியும், ஒருத்தருக்குத் தெரியாது. முட்டி வலிக்காக லிஃப்ட் இருக்கிற ஸ்டேஷனாப் பார்த்துப் பார்த்து ரூட் போட்டேன். ஸ்வெட்டர் வாங்கினேன். ஆனா அவங்களை ஒரு ஆளா திட்டத்துக்குள்ள சேர்க்கல, சாமான் மாதிரி கூடவே தூக்கிட்டுப் போயிட்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல, பஸ் நிறைய ஆளுங்களை இறங்க வேண்டிய இடத்துல இறக்கிவிட்ட மனுஷன். அன்னைக்கு எங்களைச் சரியான இடத்துக்கு வர வச்சதும் அவர்தான்.

"தப்புதாம்ப்பா"ன்னேன். "சரி விடு, டீ ஆறுது"ன்னாங்க.

கிரீனிச் போகாம வீட்டுக்குப் போயிரலாம்னு நான் சொன்னேன். பெரியவன் கேட்டான், "தாத்தா, நில்லா, போவா?" அப்பா ரெண்டு விசில் அடிச்சாங்க.

லூயிஷம்ல இருந்து திரும்பற வண்டியிலயே கட்டி சார்க்ல இறங்கினோம். 1869ல கட்டின தேயிலைக் கப்பல் அங்க கரையில நிக்குது. உள்ள போக டிக்கெட், வெளிய இருந்து பாக்க இலவசம். கிரீனிச் மேல இருட்டு இறங்கிட்டிருந்துச்சு. மலை ஏறல, அப்பா முட்டி தாங்காது. ஆத்துக்கு அடியில போற சுரங்கப் பாதையில மட்டும் நடந்தோம். 1902ல திறந்தது, ரெண்டு பக்கமும் லிஃப்ட் இருக்கு, வெள்ளை ஓடு பதிச்ச குழாய் மாதிரி நீளமா போகும். உள்ள குரல் எதிரொலிக்கும். "நம்ம தலைக்கு மேல கப்பல் போவுது"ன்னு அப்பா சொன்னதும், சின்னவ அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்தக் கையை ஈஸ்ட் ஹாம் வரைக்கும் விடல.

ராத்திரி அக்காகிட்ட நானே எல்லாத்தையும் சொன்னேன். திட்டினா. திட்டட்டும். அப்புறம் உள்ள போய் பார்த்தா, சோஃபாவுல மூணு பேரும். டிவி ஆஃப். அப்பா பழைய டிக்கெட்டைக் கிழிக்கிற மாதிரி பேப்பரைக் கிழிச்சுக் கொடுக்க, சின்னவ "திருச்செந்தூர் ஒண்ணு"ன்னு கேட்டுட்டிருந்தா. அக்கா கதவுகிட்டயே நின்னுட்டா.

வியாழன், வெள்ளி

வியாழக்கிழமை எங்கயும் போகல. மழை. காலையில ஹை ஸ்ட்ரீட் நார்த்ல போய் அப்பாவுக்கு சிம் வாங்கினோம், காய்கறி வாங்கினோம், இட்லி சாப்பிட்டோம். ஊருக்கு ஃபோன் பண்ணி அம்மாகிட்ட கடிகார விஷயத்தை விளக்கினோம். கோடையில இந்தியாவுக்கும் இங்கைக்கும் நாலரை மணி நேரம், இப்ப அஞ்சரை. "அவங்க ஏன் நேரத்தை மாத்தறாங்க, நம்ம நேரம் ஒழுங்காத்தானே இருக்கு?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி.

வெள்ளிக்கிழமை உல்விச் ஃபெர்ரி. தேம்ஸைக் கடக்கற படகு, லாரியும் காரும் ஏத்திட்டுப் போகும், நடந்து போறவங்களும் ஏறலாம். 1889ல இருந்து இலவசம். ஆறைக் கடக்கச் சில நிமிஷம்தான். நாங்க போயிட்டு வந்து, மறுபடி போயிட்டு வந்தோம். மொத்தச் செலவு பஸ் காசும் சிப்ஸ் காசும். அந்த வாரத்துல எது பிடிச்சுதுன்னு கேட்டா, திமிங்கலத்தைச் சொல்வாங்கன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் ஃபெர்ரியைத்தான் சொன்னாங்க. ஏன்னா அன்னைக்கு யாரும் யாரையும் அவசரப்படுத்தல.

உங்களுக்கு நான் சொல்றது

சரி, கதை முடிஞ்சுது. அடுத்த ஹாஃப் டெர்முக்கு நான் என்ன பண்ணுவேன்னு சொல்றேன், எடுத்துக்கறதை எடுத்துக்கோங்க.

ஒண்ணு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம். ரெண்டாவது இடம் முடிஞ்சா போகலாம், முடியலைன்னா வருத்தப்படாத மாதிரி ஒண்ணா இருக்கணும். பூங்கா, பஸ் சவாரி இந்த மாதிரி. சாப்பாட்டுக்கும் டாய்லெட்டுக்கும் தனியா நேரம் விடுங்க.

ரெண்டு. இலவச மியூசியமா இருந்தாலும் முன்னாடியே நேரம் புக் பண்ணுங்க. புக் பண்ணிட்டு ஒரு மணி நேரத்துல கிளம்பிட்டாலும் தப்பில்ல. இலவசத்தோட உண்மையான லாபமே அதுதான், பாதியில எந்திரிச்சு வரலாம். காசு கொடுத்தா கடைசி வரைக்கும் பாக்கணும்னு தோணும்.

மூணு. வீட்டுல இருந்தே சாப்பாடு. அந்த மஞ்சப்பையில அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு அஞ்சு நாளும் எங்களைக் காப்பாத்துச்சு.

நாலு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் திரும்பினதும் பகல் சுருங்கிரும். வெளிய பாக்கறதைக் காலையில, உள்ள பாக்கறதை மதியத்துக்கு மேல வச்சுக்கோங்க.

அஞ்சு. வயசானவங்க கூட வந்தா, டிஎஃப்எல் வெளியிடற படியில்லா ஸ்டேஷன்களோட மேப்பைப் பாருங்க. பல நேரம் பஸ்தான் அவங்களுக்கு நல்லது. படியும் இல்ல, ஊரும் தெரியும்.

ஆறு, இதுதான் முக்கியம். தொலைஞ்சா என்ன பண்றதுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. பெரியவங்களுக்கும். அவங்களுக்குப் புரியற மொழியில. சொல்லிட்டு, அவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க. உங்க விதியைவிட அவங்ககிட்ட நல்ல விதி இருக்கலாம். எங்க வீட்டுல இப்ப ரெண்டும் சேர்ந்த விதிதான். விட்டுப்போனா அங்கயே நில்லு. பத்து நிமிஷம் ஆகியும் யாரும் வரலைன்னா, ஊழியர்கிட்ட சொல்லிட்டு, கடைசி ஸ்டாப்புக்கு வா.

அப்பா ஜனவரியில ஊருக்குக் கிளம்பினாங்க. ஏர்போர்ட்ல செக்யூரிட்டி வரைக்கும்தான் நாங்க போக முடியும். வரிசையில உள்ள போயிட்டிருந்தவங்க ஒரு தடவை நின்னு திரும்பிப் பார்த்தாங்க. பெரியவன் அவ்வளவு கூட்டத்துல, கூச்சமே இல்லாம, வாயாலயே ரெண்டு விசில் அடிச்சான். அப்பா சிரிச்சுட்டுப் போனாங்க.

இவ்வளவுதான் இந்த வாரம். உங்க வீட்டு ஹாஃப் டெர்ம் எப்படிப் போச்சு, குடும்பமா எங்க போனீங்க, எதைத் தொலைச்சீங்க, எல்லாம் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல மறுபடி நம்ம வழக்கமான வேலை விஷயத்துக்கு வருவோம். அதுவரைக்கும், ரைட் ரைட்.